போக்காடும் பலிகடாவும்: ஓர் ஆங்கில வழக்கின் விவிலிய மூலமும் தமிழாக்கச் சிக்கலும்

முன்னுரை

ஆங்கிலத்தில் இன்று வழங்கும் மரபு வழக்குகள் பல விவிலியத்தின் வழியே அம்மொழிக்கு வந்தவை. அவற்றுள் ஒன்று ‘ஸ்கேப்கோட்’ என்னும் சொல். பிறர் செய்த குற்றத்தின் பழியைச் சுமக்க நேர்ந்தவரை இச்சொல் குறிக்கும். தமிழில் இதனைப் பெரும்பாலும் ‘பலிகடா’ என்றோ ‘பலியாடு’ என்றோ பெயர்க்கிறோம். இவ்வாக்கம் மூலச் சொல்லின் கருத்தைத் தாங்கி நிற்கின்றதா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

விவிலிய மூலம்

இவ்வழக்கின் மூலம் லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஏழாம் மாதத்தின் பத்தாம் நாள் இஸ்ரவேலர்க்குப் பாவ நிவிர்த்தி நாள். அன்று தலைமைக் குரு இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார். கடவுளுக்கென்று சீட்டு விழுந்த கடா கொல்லப்பட்டுப் பாவநிவாரண பலியாகும். ‘அசாசேல்’ என்பதற்கென்று சீட்டு விழுந்த மற்றைய கடா உயிரோடு நிறுத்தப்படும். குரு தம் இரு கைகளையும் அதன் தலைமீது வைத்து, மக்களின் பாவங்கள் அனைத்தையும் அறிக்கையிட்டு, அதனை ஓர் ஆள்வழியாகப் பாலைவனத்திற்கு அனுப்பிவிடுவார். முதல் கடா பலியாகின்றது. இரண்டாம் கடா பழியைச் சுமந்து செல்கின்றது. இவ்வேறுபாடே இங்குக் கருதத்தக்கது.

பிற்காலத்தில் இரண்டாம் கடாவும் மலை உச்சியிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்டதாக யூதர்களின் மிஷ்னா நூல் கூறுகின்றது. எனினும் லேவியராகமத்தில் அச்செய்தி இல்லை.

சொல்லின் தோற்றம்

‘அசாசேல்’ என்னும் எபிரேயச் சொல்லின் பொருள் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது பாலைவனத்தில் உறையும் தீய சக்தியின் பெயர் என்பர் சிலர். செங்குத்தான பாறையைக் குறிப்பது என்பர் வேறு சிலர். ‘ஏஸ்’ (ஆடு), ‘ஓசேல்’ (செல்கின்ற) என அதனை இரண்டாகப் பிரித்துப் பொருள் கொள்வது மற்றொரு மரபு. இலத்தீன் மொழிபெயர்ப்பும் ‘அனுப்பப்பட்ட கடா’ என்றே பொருள் கொண்டது.

இம்மரபையொட்டி வில்லியம் டிண்டேல் 1530இல் வெளியிட்ட ஐந்நூல் மொழிபெயர்ப்பில் ‘ஸ்கேப்கோட்’ என்னும் சொல்லைப் படைத்தார். ‘ஸ்கேப்’ என்பது ‘எஸ்கேப்’ என்பதன் முதற்குறை. ஆகவே ‘தப்பிச் செல்லும் ஆடு’ என்பதே இதன் நேர்ப்பொருள். 1611ஆம் ஆண்டின் மன்னர் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பும் இதனை ஏற்றுக்கொண்டது. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ‘அசாசேல்’ என்னும் மூலச்சொல்லே மீண்டும் இடம்பெற்றுள்ளது. டிண்டேலின் சொல்லோ விவிலியத்தைக் கடந்து பொதுமொழியில் நிலைபெற்றுவிட்டது.

வழக்கில் பொருள் விரிவு

19ஆம் நூற்றாண்டில் இச்சொல் சடங்கினின்று விலகி மனிதரைக் குறிக்கலாயிற்று. 1894இல் நாட்டுத் துரோகக் குற்றம் சாட்டப்பட்ட பிரெஞ்சுப் படையின் யூத அதிகாரி ஆல்ஃபிரட் டிரைஃபஸ் இதற்குத் தக்க சான்றாவார். மற்றொருவர் செய்த குற்றத்திற்காக அவர் கடல் கடந்த தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1906இல்தான் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். பழி ஏற்றுதல், சமூகத்தினின்று வெளியேற்றுதல் என்னும் சடங்கின் இரு கூறுகளும் இந்நிகழ்வில் அமைந்திருப்பதைக் காணலாம்.

தமிழாக்கச் சிக்கல்

நம் சிறுதெய்வ வழிபாட்டில் வெட்டப்படும் கடா, நேர்த்திக்கடனாகத் தெய்வத்திற்குப் படைக்கப்படுவது. அதன்மீது எவரும் குற்றத்தை ஏற்றுவதில்லை. எனவே ‘பலிகடா’ என்பது பிறர் நலனுக்காக அழிக்கப்பட்டவரையே முதன்மையாக உணர்த்துகின்றது. தலைவரின் பேராசையால் போரில் மடிந்த வீரன் பலிகடா. தலைவரின் தவற்றுக்குத் தண்டனை பெற்ற எழுத்தனோ பழி சுமந்தவன். முன்னவனிடம் அழிவு மட்டுமே உண்டு. பின்னவனிடம் பொய்க் குற்றச்சாட்டும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது, உண்மைக் குற்றவாளி ஒருவன் மறைந்து நிற்கிறான் என்னும் கருத்து நழுவிவிடுகின்றது.

1871இல் வெளிவந்த தமிழ் விவிலியம் இவ்விடத்தில் ‘போக்காடு’ என்னும் சொல்லை ஆள்வது குறிப்பிடத்தக்கது. ‘போக்கிவிடப்படும் ஆடு’ என மூலக்கருத்தை அது செம்மையாகத் தாங்கினும், பொதுவழக்கில் பரவவில்லை. ஆயினும் இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. ‘பாவம் ஓரிடம், பழி ஓரிடம்’ என்னும் பழமொழி இதனையே சுருங்கச் சொல்கின்றது. ‘பழி சுமத்துதல்’ என்னும் தொடரோ, கடாவின் தலையில் கைவைக்கும் குருவின் செயலையே நினைவூட்டுகின்றது.

முடிவுரை

‘பலிகடா’ தமிழில் வேரூன்றிவிட்ட சொல். அதனை விலக்குதல் இயலாது, தேவையுமன்று. எனினும் மொழிபெயர்க்குங்கால் அழிவு முதன்மையெனின் ‘பலிகடா’ என்றும், பொய்ப்பழி முதன்மையெனின் ‘பழி சுமத்தப்பட்டவர்’ என்றும் வேறுபடுத்தி ஆளலாம். லகர ழகர வேறுபாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ‘பலி’, ‘பழி’ என்னும் இவ்விணை நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஓரெழுத்து மாறின் பொருள் மட்டுமன்றி, யார் குற்றவாளி என்னும் வினாவும் மாறிவிடுகின்றது என்பதை மாணவர் இதன்வழி உணர்வர்.