டி-ஷர்ட் பிரிண்டர் வாங்குவோர் எழுதி வாங்க வேண்டியவை

துணியில் நேரடியாக அச்சிடும் டிடிஜி பிரிண்டருக்கு வெள்ளை டி-ஷர்ட்டில் டெமோ காட்டினால், அதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மெஷினின் சோதனையே கறுப்புத் துணியில்தான். முதலில் ஒரு திரவத்தைத் தெளித்து, ஹீட் பிரஸ்ஸில் காயவைத்து, வெள்ளை மையை அடித்தளமாக இட்டு, அதன்மேல் வண்ணத்தை அச்சிட வேண்டும். அந்த வெள்ளை மையில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது. அசையாமல் இருந்தால் அடியில் படிந்து, குழாயையும் மையைத் தெளிக்கும் ஹெட்டையும் அடைத்துவிடும். அதனால் ஆர்டர் இல்லாத நாளிலும் மெஷினைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அதற்கும் மை கரையும். அறையில் ஈரப்பதம் குறைந்தால் அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

ஹெட் பழுதானால் செலவு பெரிது. வாரண்டி தாளில் ஹெட்டைத் 'தேய்மானப் பொருள்' என்று ஒதுக்கியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அலுவலக பிரிண்டரை மாற்றியமைத்து டிடிஜி என்று விற்பதும் உண்டு. அப்படி மாற்றிய மெஷினுக்குத் தயாரித்த கம்பெனி பொறுப்பேற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

டெமோவுக்கு உங்கள் துணியையும் டிசைனையும் கொண்டுபோங்கள். கறுப்பு டி-ஷர்ட் ஒன்றுக்கு எத்தனை மில்லி மை போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்டதை வீட்டுக்கு எடுத்துவந்து பலமுறை துவையுங்கள். டிடிஜி பருத்திக்கே நன்றாகப் பொருந்தும். பாலியஸ்டர் ஜெர்சி ஆர்டர்கள்தான் அதிகமென்றால், பிலிமில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் டிடிஎஃப் முறையைப் பாருங்கள். ஒரே டிசைனில் ஆயிரம் பீஸ் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் இன்னும் மலிவு.

இனி சட்டம். வியாபாரத்துக்கு வாங்கிய மெஷினுக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று நினைத்து, பணம் போட்டவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இது பாதிதான் உண்மை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் 'வணிக நோக்கத்தில்' சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் ஒரு தரப்பாக இருந்த 1995ஆம் ஆண்டு வழக்கில், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் மெஷினைத் தானே இயக்குபவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த வழக்கைத் தொடுத்த நிறுவனம் பெரிய அளவில் தொழில் செய்ய வாங்கியதாகக் கருதப்பட்டுத் தோற்றது. ஆகவே கொட்டேஷன் கேட்கும் கடிதத்திலேயே, வாழ்வாதாரத்துக்காக நானே இயக்கப்போகிறேன் என்று எழுதுங்கள், அது உண்மையாக இருந்தால்.

'கறுப்புப் பருத்தி டி-ஷர்ட்டில் அச்சிட வேண்டும், இதற்கேற்ற மெஷினைச் சொல்லுங்கள்' என்றும் அதிலேயே கேளுங்கள். நோக்கத்தைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்த நோக்கத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் இந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும். ஆட்களை வைத்துப் பெரிதாக நடத்துபவர்களும் இந்தச் சட்டத்தைக் கொண்டு சிவில் நீதிமன்றம் போகலாம்.

பாதித் தொகைக்குப் பில், மீதி ரொக்கம் என்ற பேரத்துக்கு இணங்காதீர்கள். நாளை பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது, பில்லில் இல்லாத தொகையைக் கொடுத்ததாக நிரூபிப்பது கடினம்.

கோளாறு வந்தால் போனில் மட்டும் சொல்லாமல் இமெயிலிலும் எழுதுங்கள். ஹெட்டில் அடைப்பு இருக்கிறதா என்று காட்டும் நாசில் செக் அச்சுகளைத் தேதி போட்டுச் சேர்த்துவையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே விசாரிப்பார்கள். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. டில்லியிலிருந்து வாங்கிய மெஷினாக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். 'அடுத்த வாரம் இன்ஜினியர் வருவார்' என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பதால் அது நீளாது.