தட்டில் பாதி கீரையும் காயும்: கீழே இருக்கும் தோட்டம் கைகொடுக்கும்

தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கீரை. நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் சாப்பிட்டு வருகிறோம். கீரை சாப்பிடுகிறோம் என்ற நிறைவும் இருக்கிறது. ஆனால் நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ உள்ள மூத்தோருக்கு அந்த ஒரு கரண்டி போதாது.

தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும் என்கிறது சுகாதார மேம்பாட்டு வாரியம். கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, முடிந்தவரை முழுதானியமாக. மீதிக் கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு போன்றவை. உருளைக்கிழங்கு பொரியலைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதுவும் சோற்றைப் போல மாவுச்சத்துதான்.

காய்கறி ஒரு நாளைக்கு இரண்டு பங்கு தேவை. ஒரு பங்கு என்பது முக்கால் குவளை சமைத்த கீரை. அதற்குச் சுமார் 150 கிராம் பச்சைக் கீரை வேண்டும். பார்ப்பதற்குப் பெரிய கட்டாகத் தெரியும். சட்டியில் வதங்கியதும் சுருங்கிவிடும்.

இங்கேதான் சமூகத் தோட்டம் உதவுகிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியது. இன்று சிங்கப்பூர் முழுவதும் 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உள்ளன. பாயம் எனப்படும் கீரையை விதைத்து மூன்று, நான்கு வாரங்களில் பறிக்கலாம். பொன்னாங்கண்ணிக்கு விதைகூட வேண்டாம், தண்டை ஊன்றினால் துளிர்த்துவிடும். காங்கோங்கும் அப்படியே. முருங்கையும் கறிவேப்பிலையும் நம்மவர் இருக்கும் தோட்டத்தில் எப்படியும் இடம்பிடித்துவிடும்!

தோட்டத்தை நம்பிச் சந்தைக்குப் போவதை நிறுத்த முடியாது. விளைச்சல் அவ்வளவு வராது. ஆனால் தண்ணீர் ஊற்றி வளர்த்த கீரையை யாரும் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. பக்கத்தில் வேலை செய்பவரிடம் சமையலும் கற்றுக்கொள்ளலாம். காங்கோங்கைப் பூண்டுடன் இரண்டு மூன்று நிமிடம் வதக்குவது சீனக் குடும்பங்களில் வழக்கம். உலாம் ராஜா இலையை மலாய்க்காரர்கள் பச்சையாகவே உண்பார்கள். இரண்டுக்கும் தேங்காய்ப்பால் தேவையில்லை.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குமேல் போகக்கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும். கீரையில் உப்பைக் குறைத்துச் சீரகம், பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பாருங்கள்.

மருந்து சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது:

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தை மாற்றும். சிறுநீரக நோய் உள்ள சிலர் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். கீரையில் அது அதிகம். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போது எவ்வளவு சாப்பிடலாம் என்று கேளுங்கள்.

வெறுங்காலுடன் மண்ணில் இறங்குவது நமக்குப் பழகிய ஒன்று. நீரிழிவு உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சிறு காயம் தெரியாமலே போகும். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி, காயத்தின் வழியே புகுந்து மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான நோயை உண்டாக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். மூடிய காலணியும் கையுறையும் அணியுங்கள். வீட்டுக்கு வந்ததும் கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாதங்களைப் பாருங்கள். காயம் பட்டபின் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடுங்கள். தொட்டித் தட்டுகளிலும் வாளிகளிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கி கொசுவுக்கு அவ்வளவு நீரே போதும்.

தோட்டத்தில் சேர விரும்பினால் உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் விசாரியுங்கள். விளைச்சலைப் பங்கிடும் முறை எல்லாத் தோட்டங்களிலும் ஒன்றுபோல் இருக்காது. பறிப்பதற்கு முன் குழுவினரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.