கருனியில் நினைவகப் பயன்பாட்டை மாதிரியெடுத்து அளத்தல்

நினைவகப் பயன்பாட்டு மாதிரியெடுப்பு என்பது, ஒரு நிரல் தன்னிடமுள்ள நினைவகத்தில் எவ்வளவை, எந்தப் பகுதியை உண்மையில் பயன்படுத்துகிறது என்பதை, அனைத்தையும் சோதிக்காமல் சிலவற்றை மட்டும் சோதித்து மதிப்பிடும் முறையாகும். இந்த வேலையைச் செய்வது இயக்கு தளத்தின் மையப் பகுதியான கருனி, அதாவது கெர்னல். லினக்சு கருனியில் 2021 அக்டோபரில் வெளிவந்த 5.15 பதிப்பு முதல் இடம்பெற்றுள்ள டேமன் என்னும் துணையமைப்பு இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘டேட்டா ஆக்சஸ் மானிட்டர்’ என்பதன் சுருக்கமே டேமன். இதை உருவாக்கியவர் தென் கொரிய நிரலாளர் சியோங்ஜே பார்க்.

அளக்க வேண்டிய தேவை

ஒரு நிரல் எவ்வளவு நினைவகத்தை வைத்திருக்கிறது என்பதும், எவ்வளவைப் பயன்படுத்துகிறது என்பதும் ஒன்றல்ல. ஒரு தரவுத்தள நிரல் தொடக்கத்தில் 8 ஜிபி நினைவகத்தைப் பெற்று அதைத் தரவுகளால் நிரப்புகிறது என்று கொள்வோம். அதன்பின் நாள் முழுவதும் அதில் 1 ஜிபியை மட்டுமே திரும்பத் திரும்பத் தொடுகிறது. ஆனால் இயங்கும் நிரல்களின் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே 8 ஜிபி என்றே காட்டப்படும். மீதி 7 ஜிபி வேறு நிரல்களுக்குப் பயன்பட்டிருக்கலாம். வழங்கிக் கணினிகளை வாடகைக்கு எடுப்போர் நினைவகத்தின் அளவுக்கு ஏற்பவே பணம் கட்டுகின்றனர். எனவே இந்த வேறுபாடு நேரடியாகச் செலவைப் பாதிக்கிறது.

ஒரு நிரல் அண்மைக் காலத்தில் தொட்ட பக்கங்களின் தொகுப்பை அந்நிரலின் பணிக்கணம் எனலாம். கணிதப் பாடத்தில் வரும் கணம் என்ற பொருளிலேயே இங்கும் அச்சொல் வருகிறது. இக்கருத்தை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் 1968 இல் முன்வைத்தார். பணிக்கணம் முழுவதும் நினைவகத்தில் இருந்தால் நிரல் தடையின்றி ஓடும். அதற்கும் குறைவான இடம் கிடைத்தால், பக்கங்களை வட்டுக்கு அனுப்புவதிலும் திரும்பக் கொண்டுவருவதிலுமே கணினியின் நேரம் கழியும்.

தவறான கணிப்புக்குக் கொடுக்க வேண்டிய விலை பெரியது. நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் படிக்கச் சுமார் 100 நானோநொடி ஆகும். அதே தரவைத் திண்மநிலை வட்டிலிருந்து படிக்கச் சுமார் 100 மைக்ரோநொடி ஆகலாம். இது ஏறத்தாழ 1000 மடங்கு தாமதம். எனவே எந்தப் பக்கத்தை வெளியேற்றலாம் என்பதை ஓரளவேனும் சரியாக அறிந்தாக வேண்டும்.

பக்கமும் அணுகல் பிட்டும்

கருனி நினைவகத்தைப் பக்கம் எனப்படும் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துக் கையாள்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4 கேபி. நிரல் பயன்படுத்தும் முகவரி, நினைவகத்தில் எந்தப் பக்கத்தைக் குறிக்கிறது என்பது பக்க அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். அந்த அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் அணுகல் பிட் என்ற ஒரு பிட் உண்டு. அப்பதிவின் வழியாக ஒரு பக்கம் அணுகப்படும்போது, மையச் செயலகமே இந்த பிட்டை 1 ஆக மாற்றிவிடும். அதைத் திரும்ப 0 ஆக்குவது கருனியின் வேலை.

ஆகவே அளக்கும் முறை எளிது. அணுகல் பிட்டை 0 ஆக்கிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்து, மீண்டும் பார்க்க வேண்டும். 1 ஆக இருந்தால் அந்த இடைவெளியில் பக்கம் ஒரு முறையாவது தொடப்பட்டது என்று பொருள். எத்தனை முறை தொடப்பட்டது என்பதை இந்த ஒரு பிட் சொல்லாது. அதை அறிய, இதே சோதனையைப் பல முறை செய்து, எத்தனை சோதனைகளில் 1 வந்தது என்று எண்ண வேண்டும்.

எல்லாப் பக்கங்களையும் சோதித்தல்

ஒவ்வொரு பக்கத்தையும் விடாமல் சோதிப்பது முதல் வழி. 2015 இல் வெளிவந்த லினக்சு 4.3 பதிப்பில் சேர்க்கப்பட்ட பயன்படாப் பக்கக் கண்காணிப்பு என்னும் வசதி இதற்கு உதவுகிறது. இதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிட் வீதம் கருனி ஒரு வரைபடத்தைத் தருகிறது. பிட்டை இட்டுவைத்துக் காத்திருந்து திரும்பப் படித்தால், தொடப்படாத பக்கங்களில் அது அப்படியே இருக்கும்.

இம்முறையின் சிக்கல் எண்ணிக்கையே. 64 ஜிபி நினைவகத்தில் 1,67,77,216 பக்கங்கள் உள்ளன. ஒரு முறை சுற்றிவர 1.67 கோடிக்கும் மேற்பட்ட சோதனைகள் தேவை. நினைவகம் இரு மடங்கானால் வேலையும் இரு மடங்காகும். அடிக்கடி சுற்றிவந்தால் அளக்கும் வேலையே கணினியைத் தளர்த்தும். எப்போதாவது சுற்றிவந்தால் கிடைக்கும் தகவல் பழையதாகிவிடும்.

தற்செயல் மாதிரி

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது மாதிரியெடுப்பின் அடிப்படை. நினைவகத்தில் இதைப் பயன்படுத்திய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு வி.எம்.வேர் நிறுவனத்தின் இ.எஸ்.எக்ஸ் சர்வர். ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள் அது. அதன் நினைவக மேலாண்மை முறையை கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்.

அதன்படி ஒவ்வொரு மெய்நிகர் கணினியிலும் 30 நொடிக்கு ஒரு முறை 100 பக்கங்கள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படும். அப்பக்கங்களுக்கான முகவரி இணைப்பு தற்காலிகமாக நீக்கப்படும். மெய்நிகர் கணினி அவற்றில் ஒன்றைத் தொட்டால் கட்டுப்பாடு இ.எஸ்.எக்ஸிடம் வரும். அது எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, இணைப்பை மீட்டுத் தரும். 100 இல் 40 பக்கங்கள் தொடப்பட்டால், மொத்த நினைவகத்தில் சுமார் 40 விழுக்காடு பயன்பாட்டில் உள்ளது என்று மதிப்பிடலாம். 30 நொடியில் அதிகம் போனால் 100 குறுக்கீடுகளே நிகழும்.

புள்ளியியலின்படி, 100 மாதிரிகள் கொண்ட இத்தகைய மதிப்பீட்டின் திட்டப்பிழை அதிகபட்சம் 5 விழுக்காட்டுப் புள்ளிகள். பிழையைப் பாதியாகக் குறைக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். பக்கங்களின் எண்ணிக்கை மாதிரியைவிட மிகப் பெரிதாக இருக்கும்வரை, இப்பிழை நினைவகத்தின் மொத்த அளவைச் சார்ந்ததன்று. 1 ஜிபிக்கும் 100 ஜிபிக்கும் அதே 100 பக்கங்கள் போதும்.

ஆனால் இம்முறை எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. எந்தப் பக்கங்கள் பயன்படுகின்றன, எவை சும்மா கிடக்கின்றன என்பதைச் சொல்வதில்லை.

டேமன்: பகுதிகளாகப் பிரித்து மாதிரியெடுத்தல்

எந்த இடம் என்ற கேள்விக்கும் குறைந்த செலவில் விடை காண்பதே டேமனின் நோக்கம். பழமொழியில் உள்ள ஒரு நிபந்தனை இங்கே கவனிக்கத்தக்கது. பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் ஒரு சோறு பதம் சொல்லும். நினைவகம் ஒரே சீரானதன்று; சில இடங்கள் ஓயாமல் தொடப்படும், சில தொடப்படவே மாட்டா. ஆகவே டேமன் நினைவகத்தை அடுத்தடுத்த முகவரிகள் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கிறது. ஒரே பகுதிக்குள் இருக்கும் பக்கங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் தொடப்படும்படி அப்பகுதிகளை அமைக்க முயல்கிறது. அப்படி அமைந்துவிட்டால், பகுதிக்கு ஒரு பக்கம் பார்த்தாலே போதும்.

இதற்குச் சில நேர, எண்ணிக்கை அளவுகள் தேவை. பொதுவாகப் பயன்படும் மதிப்புகள் இவை: மாதிரி இடைவெளி 5 மில்லிநொடி, தொகுப்பு இடைவெளி 100 மில்லிநொடி, பகுதிகளின் எண்ணிக்கை குறைந்தது 10, அதிகபட்சம் 1000. வேலை பின்வருமாறு நடக்கிறது.

முதலில், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பக்கம் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அதன் அணுகல் பிட் 0 ஆக்கப்படும். 5 மில்லிநொடி கழித்து அது 1 ஆகியிருந்தால் அப்பகுதியின் எண்ணிக்கையில் ஒன்று கூடும். அடுத்த சுற்றுக்கு வேறொரு பக்கம் தேர்ந்தெடுக்கப்படும். 100 மில்லிநொடியில் இவ்வாறு 20 சோதனைகள் நடப்பதால், ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 20 வரை ஒரு மதிப்பெண் கிடைக்கும்.

அடுத்து, மதிப்பெண் ஏறக்குறைய ஒத்திருக்கும் அண்டைப் பகுதிகள் ஒன்றாக இணைக்கப்படும். அதன்பின், மொத்தப் பகுதிகள் உச்ச வரம்பின் பாதியைத் தாண்டாதிருந்தால், ஒவ்வொரு பகுதியும் தற்செயலான ஓர் இடத்தில் பிளக்கப்படும். பிறகு எண்ணிக்கை 0 இலிருந்து மீண்டும் தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பகுதியில் 1000 பக்கங்கள் உள்ளன. முதல் 300 பக்கங்கள் ஓயாமல் தொடப்படுகின்றன. மற்ற 700 பக்கங்கள் தொடப்படுவதில்லை என்று கொள்வோம். முதல் சுற்றில் பகுதியின் மதிப்பெண் சுமார் 6 ஆக இருக்கும். இது இரு பாதிகளுக்கும் பொருந்தாத சராசரி.

இப்போது பகுதி 400 ஆவது பக்கத்தில் பிளக்கப்படுகிறது. இடப்பக்கத் துண்டின் 400 பக்கங்களில் 300 தொடப்படுபவை. அதற்குச் சுமார் 15 மதிப்பெண் கிடைக்கும். வலப்பக்கத் துண்டுக்கு 0. வேறுபாடு பெரியதாதலால் இவை இணைக்கப்படுவதில்லை. அடுத்து இடப்பக்கத் துண்டு 310 இல் பிளக்கப்பட்டால், முதல் 310 பக்கங்களுக்குச் சுமார் 19, அடுத்த 90 பக்கங்களுக்கு 0 கிடைக்கும். அந்த 90 பக்கங்கள், அதே மதிப்பெண் பெற்ற அண்டைப் பகுதியோடு இணையும். இரண்டே பிளவுகளில் எல்லை 300 க்கு மிக அருகில் வந்துவிட்டது.

பயனற்ற இடத்தில் பிளவு விழுந்தாலும் கேடில்லை. தொடப்படாத பகுதியின் நடுவே பிளந்தால் இரு துண்டுகளும் 0 பெற்று அடுத்த சுற்றிலேயே இணைந்துவிடும். நல்ல பிளவு நிலைக்கிறது, வீணான பிளவு மறைகிறது. நிரலின் போக்கு மாறினால் எல்லைகளும் தாமாகவே மாறுகின்றன.

செலவுக்கு வரம்பு

பகுதிகள் 1000 ஐத் தாண்டா. எனவே ஒரு மாதிரி இடைவெளியில் அதிகபட்சம் 1000 சோதனைகளே நடக்கும். 64 ஜிபி ஆனாலும் 640 ஜிபி ஆனாலும் இந்த எண் மாறாது. குறைந்தபட்ச எண்ணிக்கை அளவீட்டின் தரத்தைக் காக்கிறது; அதிகபட்ச எண்ணிக்கை செலவைக் கட்டுப்படுத்துகிறது. இவ்விரண்டையும் பயனரே தீர்மானிக்கலாம்.

ஒரு நிரலின் மெய்நிகர் முகவரிவெளியை அளக்கும்போது இன்னொரு சிக்கனமும் உண்டு. அந்த முகவரிவெளியில் பெரும்பகுதி வெற்றிடமே. அதிலுள்ள மிகப் பெரிய இரண்டு இடைவெளிகளை நீக்கிவிட்டு, எஞ்சும் மூன்று பகுதிகளிலிருந்தே டேமன் வேலையைத் தொடங்குகிறது.

அளவீட்டிலிருந்து செயலுக்கு

2022 சனவரியில் வெளிவந்த லினக்சு 5.16 பதிப்பில், அளவீட்டின் அடிப்படையில் தானாகச் செயல்படும் வசதி சேர்க்கப்பட்டது. நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை முன்கூட்டியே வெளியேற்றும் டேமன் ரீகிளைம் என்னும் கூறும் அதே பதிப்பில் வந்தது. இயல்பான அமைப்பில் அது 120 நொடி தொடப்படாத பகுதிகளையே எடுத்துக்கொள்ளும். ஒரு நொடிக்கு 10 மில்லிநொடி நேரமும் 128 எம்பி அளவும் அதற்கு உச்ச வரம்பு.

வெற்று நினைவகம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அது வேலையைத் தொடங்கும். 50 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் நிறுத்திக்கொள்ளும்; அப்போது தேவை இல்லை. 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலும் நிறுத்திக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கும் கருனியின் வழக்கமான முறையே பொறுப்பேற்கும். தோராயமான அளவீட்டை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதற்கு இந்த ஏற்பாடே சான்று.

குறைபாடுகள்

பயன்பாடு சிதறிக் கிடந்தால் பகுதி முறை தடுமாறும். 512 பக்கங்கள் கொண்ட ஒரு பகுதியில் ஒரே ஒரு பக்கம் மட்டும் ஓயாமல் தொடப்படுவதாகக் கொண்டால், 20 சோதனைகளில் அது ஒரு முறையாவது அகப்படும் வாய்ப்பு சுமார் 4 விழுக்காடே. அகப்படாவிட்டால் அந்தப் பகுதி முழுவதும் சும்மா கிடப்பதாகத் தோன்றும்.

மையச் செயலகம் அண்மையில் பார்த்த முகவரி மாற்றங்களை டி.எல்.பி. என்ற சிறு சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. அணுகல் பிட் 0 ஆக்கப்பட்ட பின்பும் பழைய பதிவு அங்கே இருந்தால், பக்கம் தொடப்பட்டும் பிட் மாறாமல் போகலாம். ஒவ்வொரு முறையும் அப்பதிவை அழித்தால் துல்லியம் கூடும். ஆனால் நிரலின் வேகம் குறையும்.

அணுகல் பிட்டைக் கருனியின் பிற பகுதிகளும் நம்பியிருக்கின்றன. அளப்பதற்காக அதை 0 ஆக்கினால், பக்கங்களை மீட்டெடுக்கும் பகுதி ஏமாறக்கூடும். இதைத் தவிர்க்க, பயன்படாப் பக்கக் கண்காணிப்பைப் போலவே டேமனும் பக்கத்துக்கென உள்ள வேறு இரண்டு கொடிகளில் பழைய நிலையைக் குறித்துவைக்கிறது.

ஆகவே மாதிரியெடுப்பு தரும் எண்கள் அனைத்தும் மதிப்பீடுகளே. மொத்தப் பயன்பாட்டின் அளவு மட்டும் தேவையென்றால் தற்செயல் மாதிரி போதும். பயன்படும் இடமும் தேவையென்றால் பகுதி முறை ஏற்றது. ஒவ்வொரு பக்கத்தின் நிலையும் துல்லியமாக வேண்டுமென்றால், நேரத்தைச் செலவிட்டு முழுவதையும் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.