பழைய லென்சும் குளத்துப் பறவையும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் உதியன்குளங்கரை. ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. இப்பகுதியில் குளம் உள்ள இடத்தில் மீன்கொத்தி உண்டு, நீர்க்காகம் உண்டு, மடையானும் உண்டு. இவற்றைப் படம் எடுக்க விழையும் மாணவனுக்குத் தடைகள் இரண்டு. நாம் நெருங்குமுன் பறவை பறந்துவிடும் என்பது ஒன்று. தொலைவிலிருந்தே படம் எடுக்கவல்ல பெரிய டெலிபோட்டோ லென்ஸ், புதிதாக வாங்கினால் பல இலட்சம் ரூபாய் ஆகும் என்பது மற்றொன்று.

அப்படியாயின், பிறர் பயன்படுத்திக் கைமாற்றும் பழைய லென்ஸ் உதவுமா? உதவும். ஆனால் அதில் எது மூப்படையும், எது மூப்படையாது என்பதை அறிந்து வாங்குதல் வேண்டும். அதை அறியாது வாங்கியவன் காசை இழப்பான், ஆர்வத்தையும் இழப்பான்.

நீளமும் அகலமும்

முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருளின் அளவுடைய காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் இயல்பான காட்சியைத் தரும். 500 மி.மீ. லென்ஸ் அதே இடத்திலிருந்து பத்து மடங்கு பெரிய உருவத்தைத் தரும். நீளம் மட்டும் போதாது, ஒளியும் வேண்டும். எஃப் 4.5 அளவுடைய 500 மி.மீ. லென்சின் வாய் ஏறத்தாழ 11 செ.மீ. அகலமுடையது. விலை குறைந்த, உள்ளே ஆடி பொருத்திய எஃப் 8 லென்சைவிட அது மூன்று மடங்கு ஒளியை ஏற்கும். விடியற்காலை மங்கலொளியில் இந்த வேறுபாடே படத்தைக் காக்கும். அகன்ற வாய்க்கு உரிய விலை எடை. மூன்று கிலோவுக்குக் குறையாத சுமையைத் தூக்கத் தோளும், நிறுத்த உறுதியான முக்காலியும் வேண்டும்.

எது மூப்படைகிறது?

நாற்பது ஆண்டுகளுக்கு முன் தேய்த்து மெருகிட்ட கண்ணாடி இன்றும் ஒளியை அன்றுபோலவே வளைக்கிறது. கேனன் நிறுவனம் 1969-இலேயே ஃபுளோரைட் படிகம் பதித்த 300 மி.மீ. லென்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறங்கள் பிரிந்து ஓரம் கட்டும் குறையை அப்படிகம் பெரிதும் நீக்கியது. ஒளியியல் அன்றே முதிர்ந்துவிட்டது எனலாம்.

மூப்படைவது மின்பொறி. கேனன் 1987-இல் பழைய எஃப்டி இணைப்பைக் கைவிட்டு, மோட்டாரை லென்சுக்குள்ளேயே வைக்கும் இஎஃப் முறையைத் தொடங்கியது. அந்த முறையில் வந்த முதல் தலைமுறைப் பெரிய லென்சுகள் சிலவற்றில் ஒரு விந்தை உண்டு. 1992-இல் வெளிவந்த 500 மி.மீ. எஃப் 4.5 லென்ஸ் அவற்றுள் ஒன்று. அதன் வளையத்தைக் கையால் திருப்பினாலும் கண்ணாடியை நகர்த்துவது மோட்டாரே. மோட்டார் செத்தால் கைக்குவியமும் செத்தது! அதற்குரிய உதிரி உறுப்புகளும் இன்று எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவே, மிகப் பழைய கைக்குவிய லென்ஸ், நடுவயதுத் தானியங்கி லென்சைவிடச் சில வேளைகளில் நம்பத்தக்கதாகிறது. நிக்கான் 1988-இல் வெளியிட்ட 500 மி.மீ. எஃப் 4 பி லென்ஸ் இத்தகையது. கேனன் எஃப்டி லென்சுகளை இஎஃப் காமிராவில் வெற்று வளையமிட்டுப் பொருத்தினால் தொலைவுப் பொருள் தெளியாது. பழைய முறையில் லென்சுக்கும் படத்தளத்துக்கும் உள்ள இடைவெளி 42 மி.மீ.; புதியதில் 44 மி.மீ. என்பதே காரணம். இன்றைய மிரர்லெஸ் காமிராக்களில் அவ்விடைவெளி 20 மி.மீ. அளவே ஆதலால், ஒரு வளையத்தைப் பொருத்தினாலே பழைய லென்ஸ் உயிர்பெறுகிறது. காட்சியைப் பெரிதாக்கிக் குவியத்தைச் சரிபார்க்கும் வசதியும் அவற்றில் உண்டு.

மழையும் பூஞ்சணமும்

கண்ணாடிக்கும் பகை ஒன்று உண்டு. அது நம் ஊர் ஈரம். இடவப்பாதியும் துலாவர்ஷமும் என இருமுறை மழை பெறும் பகுதி இது. நான் ஒருமுறை 300 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தோலுறையில் இட்டு மர அலமாரியில் வைத்துவிட்டேன். மழை ஓய்ந்து எடுத்தபோது, உள்ளே சிலந்தி இழைபோல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. துடைக்கக் கொடுத்தேன், இழை போயிற்று, மேற்பூச்சை அரித்த தழும்பு போகவில்லை. காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி ஆகிய மூன்றும் இருந்திருந்தால் அது நேர்ந்திராது. பெட்டியின் ஈரம் நூற்றுக்கு நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருத்தல் நன்று.

வாங்கும்போது துளையை முழுதும் திறந்து, டார்ச் விளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறமிருந்து நோக்குக. சிறு தூசு தீங்கன்று. நூலிழை தெரிந்தால் பூஞ்சணம். பால்போல் மங்கினால் அல்லது ஓரத்தில் வானவில் நிறம் காட்டினால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்துள்ளன என்று அறிக. பல பெரிய லென்சுகளில் பின்புறம் செருகும் வடிகட்டியும் ஒளியமைப்பில் ஓர் உறுப்பு. அது இல்லையேல் கேட்டுப் பெறுக.

கையாளும் முறை

லென்ஸ் 500 மி.மீ. என்றால் கதவின் வேகம் நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்குக் குறையாதிருக்கட்டும். பறக்கும் பறவைக்கு அதனினும் மிகுதி வேண்டும். வெப்பத்தால் உறுப்புகள் விரிவடைவதை எண்ணி, இந்த லென்சுகளின் வளையம் முடிவிலிக்கு அப்பாலும் திரும்புமாறு அமைத்துள்ளனர். எனவே வளையம் முட்டும் இடத்தை நம்பாது கண்ணை நம்புக. வெயில் ஏறியபின் வயல்மேல் எழும் கானல் எந்த உயர்ந்த லென்சையும் தோற்கடிக்கும். விடியலே நம் வேளை.

கிருஷ்ணன் காட்டிய வழி

பழைய கருவியால் என்ன ஆகும் என்று ஐயுறுவோர்க்கு மா. கிருஷ்ணன் விடை. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த இந்தத் தமிழர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்து அமைத்த தம் காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். அத்தகைய கருவிகளைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்களை இன்றும் அறிஞர் போற்றுகின்றனர். விலங்கின் நடையை அறிந்து காத்திருந்ததே அவர் முதலீடு.

நண்பர்களே! நீண்ட லென்சின் உண்மைப் பயன் பறவையைப் பெரிதாகக் காட்டுவது மட்டுமன்று. நாம் விலகி நிற்க இடம் தருவதும் ஆகும். கூட்டின் அருகே சென்று நின்றால் தாய்ப்பறவை அஞ்சி அகலும். முட்டை வெயிலில் வேகும், காகத்துக்கு இரையாகும். 1958-இல் அமைந்த நெய்யாறு சரணாலயத்துள் படம் எடுப்பதாயின் வனத்துறையின் இசைவு பெற்றே செல்லுதல் வேண்டும். நம் ஊர்க் குளக்கரையிலோ இசைவு கேட்க எவருமில்லை. அங்கே நம் மனச்சான்றே காவலர். பழைய லென்சைத் தோளில் சுமந்து, பறவை நம்மை மறக்கும்வரை காத்திருப்போம். அது தன் போக்கில் மீனைக் கொத்தும் அந்த நொடிதான் நாம் தேடும் படம்.