சும்மா படுத்திருந்தாலும் ஓயாத மூளை

உங்களுக்குத் தெரியுமா?

மனச்சோர்வு உள்ளவர் எதிலும் நாட்டமின்றிச் சுருண்டு படுத்திருக்கலாம். அந்த ஓய்விலும் மூளையின் ஒரு சிறு பகுதி அளவுமீறி உழைப்பதைப் பல ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. நெற்றிக்குப் பின்னால், ஆழத்தில் இருக்கும் அதன் பெயர் 'பகுதி 25'. அப்படிப் படுத்திருப்பதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

• எந்தச் சிகிச்சைக்கும் மசியாத மனச்சோர்வு கொண்ட 6 பேருக்கு, கனடாவின் டொரான்டோவில் நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க்கின் குழுவினர் இப்பகுதியை ஒட்டி மின்முனைகளைப் பதித்தனர். மின்னோட்டம் பாய்ந்ததும், விழித்திருந்த நோயாளிகள் அறுவை அரங்கிலேயே மனம் சட்டென்று அமைதியானதாகச் சொன்னார்கள். 4 பேருக்கு நலம் நீடித்தது. பகுதி 25-இன் வேகமும் தணிந்தது. 2005-இல் வெளியான இந்த முடிவு பெரும் நம்பிக்கை தந்தது. ஆனால் 2017-இல் வெளியான பெரிய சோதனையில், 6 மாத முடிவில் போலிச் சிகிச்சையை விட இந்த மின்தூண்டல் தெளிவாக முந்தவில்லை.

• மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையில் தேறியவர்களுக்கும் இப்பகுதி தணிந்தது. வெற்று மாத்திரையில் தேறியவர்களுக்கும்தான்!

• ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான காந்தத் தூண்டல் முறையில், ஓய்வுநிலை ஸ்கேனில் பகுதி 25-உடனான தொடர்பைப் பார்த்தே தூண்ட வேண்டிய இடத்தைக் குறிக்கிறார்கள். அறுவை கிடையாது. நாளுக்கு 10 அமர்வு, மொத்தம் 5 நாள். அமெரிக்க அனுமதி கிடைத்தது 2022-இல்.

• இவை எல்லாம் குழுக்களின் சராசரிகள். ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று ஸ்கேன் மட்டும் பார்த்துச் சொல்ல இன்னும் முடியாது.