முளையும் முறையும்

பெரிய தேரின் சக்கரம் கழலாமல் காப்பது அதன் அச்சில் செருகிய சிறிய ஆணி. திருவள்ளுவர் அவ்வாணியை உவமையாக்கி, தோற்றத்தின் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது என்று அறிவுறுத்தினார். மாட்டுவண்டியின் கடையாணி செய்யும் பணியும் அதுவே. இன்றைய இயந்திரங்களுக்குள்ளும் அத்தகைய சிற்றுறுப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று சரிவு முளை. பட்டறைகளில் இதனை டேப்பர் பின் என்பர். இதனைப் பொருத்துவதற்கும் கழற்றுவதற்கும் கைவலிமையைவிட அறிவே மிகுதியாக வேண்டும்.

பட்டறையும் முளையும்

சேலத்திற்குக் கிழக்கே, விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் அயோத்தியாப்பட்டணம். சேலம், நாமக்கல் சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள், விசைத்தறிக் கூடங்கள், லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் என இயந்திரத்தை நம்பிய தொழில்கள் பல. இவற்றின் தண்டோ பற்சக்கரமோ பழுதுற்றால் லேத் எனப்படும் கடைசல் இயந்திரம் உள்ள பட்டறையையே நாடவேண்டும்.

சுழலும் தண்டோடு பற்சக்கரத்தையோ கைச்சக்கரத்தையோ பிணைக்கும் இடங்களில் சரிவு முளை பயன்படுகிறது. அதனைத் தவறாக அடித்துத் தண்டு வளைந்துவிட்டால் பட்டறையின் வேலை மட்டும் கெடுவதில்லை. அத்தண்டிற்காகக் காத்திருக்கும் ஆலையும் நிற்கும். அங்கு நாட்கூலி பெறுவோரின் வருவாயும் நிற்கும்.

ஐம்பதுக்கு ஒன்று

சரிவு முளை பார்வைக்கு நேரான உருளைபோலவே தோன்றும். உண்மையில் அதன் ஒரு முனை பெரியது, மறுமுனை சிறியது. மெட்ரிக் அளவு முறையில் இதன் சரிவு 50-க்கு 1 ஆகும். அதாவது, 50 மில்லிமீட்டர் நீளத்திற்கு விட்டம் 1 மில்லிமீட்டர் கூடும். சிறுமுனை 6 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உடைய முளையின் பெருமுனை 7 மில்லிமீட்டர் இருக்கும்.

இச்சரிவு மிகச் சிறியதாக இருப்பதால், அடித்து இறுக்கிய முளையை உராய்வே பிடித்துக்கொள்கிறது. மரையோ பசையோ தேவைப்படுவதில்லை. கழற்றும்போதும் இச்சரிவே துணைசெய்கிறது. நேரான முளை தன் நீளம் முழுவதும் உரசிக்கொண்டே வெளிவரும். சரிவு முளையோ சிறிது பின்வாங்கியதும் துளையின் சுவரிலிருந்து விடுபட்டுவிடும். ஒரு திசையில் பூட்டாகவும் மறுதிசையில் திறவாகவும் அமைந்திருப்பதே இதன் சிறப்பு.

இதன் இன்றியமையாமையை வரலாறும் காட்டுகிறது. முதல் உலகப்போர்க் காலத்தில், ஒரு தொழிற்சாலையில் செய்த உறுப்பு மற்றொரு தொழிற்சாலையின் இயந்திரத்திற்கும் பொருந்த வேண்டிய நிலை ஜெர்மனியில் எழுந்தது. அதற்கெனப் பொது அளவுகளை வகுக்க 1917-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1918-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அக்குழு வெளியிட்ட முதல் தரநிலை சரிவு முளையைப் பற்றியதாகும்.

பொருத்தும் முறை

இணைக்கவேண்டிய இரு உறுப்புகளையும் உரிய நிலையில் வைத்து, இரண்டிற்கும் ஒருசேரத் துளையிடவேண்டும். துளை சிறுமுனையின் விட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக இருத்தல் நன்று. பின்னர் அதே சரிவுடைய ரீமரைக் கையால் சுழற்றித் துளையைச் சீராக்குவர். ரீமரை எதிர்த்திசையில் சுழற்றலாகாது. சுழற்றினால் அதன் வெட்டுமுனைகள் மழுங்கும். இரும்புத் துகள்களை அவ்வப்போது அகற்றுதலும் வேண்டும். முளையைக் கையால் அழுத்தும்போது சில மில்லிமீட்டர் வெளியே நிற்குமானால் துளை சரியானது. எஞ்சிய பகுதியைச் சுத்தியலால் மெல்ல அடித்து இறுக்கலாம்.

கழற்றும் முறை

கழற்றும்போது சிறுமுனையில் அடிக்கவேண்டும். பெருமுனையில் விழும் ஒவ்வோர் அடியும் முளையை மேலும் இறுக்கும். ஆயினும், 30 மில்லிமீட்டர் நீளமுள்ள முளையில் இரு முனைகளின் வேறுபாடு 0.6 மில்லிமீட்டர் மட்டுமே. எண்ணெய்ப் பிசுக்கும் வண்ணப்பூச்சும் படிந்த பழைய இயந்திரத்தில் கண்ணால் மட்டும் இதனை அறிதல் அரிது. எனவே, முதலில் இரு முனைகளையும் துடைத்து வெர்னியர் அளவியால் அளக்கவேண்டும்.

அதன்பின் தண்டும் சக்கரமும் இருந்த நிலையைக் கோடிட்டுக் குறிக்கவேண்டும். குறிக்காவிடில், தண்டு அரைச்சுற்றுத் திரும்பிய நிலையில் பொருத்தப்பட்டு, சரிவுத் துளைகள் ஒன்றோடொன்று இசையாமற் போகும். முளையைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் இட்டுச் சற்று நேரம் காத்திருத்தல் நல்லது. தண்டு வளையாதபடி அதன் அடியில் உறுதியான தாங்கல் வேண்டும். முளை வெளியேறும் இடம் மட்டும் திறந்திருக்க வேண்டும். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிதலும் இன்றியமையாதது.

சிறுமுனையைவிடச் சற்றே மெல்லிய, தட்டையான முகமுடைய குட்டைப் பஞ்சை நேராக வைத்து, உறுதியாக ஓர் அடி கொடுக்கவேண்டும். அஞ்சி அஞ்சிப் பல சிற்றடிகள் கொடுத்தால் முளையின் முனை காளான்போல் விரிந்து துளையை அடைத்துவிடும். அவ்வாறு விரிந்த முனையை அரத்தால் சீராக்கி மீண்டும் முயலலாம். அதற்கும் அசையாத முளையின் நடுவே துளையிட்டு அகற்றுவதே இறுதி வழி. மறுபுறம் திறவாத துளைகளில் பெருமுனையில் உட்புறம் மரையிட்ட முளையைப் பயன்படுத்துவர். அம்மரையில் போல்ட்டைச் செலுத்தி முளையை வெளியே இழுக்கலாம்.

அடிக்குமுன் அறிதல்

பழைய மிதிவண்டிகளின் மிதிகட்டையைத் தாங்கும் கையை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னும் ஆப்புப் போன்ற இச்சரிவால்தான் இறுகுகிறது. அதனைத் தவறான முனையில் தட்டி, கழலவில்லையே என்று மேலும் ஓங்கித் தட்டுவோர் உண்டு. அவர்களிடம் வலிமைக்குக் குறைவில்லை. அவ்வலிமை தவறான திசையில் செல்கிறது.

அளத்தல், குறித்தல், தாங்கல் அமைத்தல், பின்னரே அடித்தல் என்பது இப்பணியின் ஒழுங்கு. முதல் மூன்றிற்கும் சில நிமிடங்களே ஆகும். அவற்றைத் தவிர்த்தவர் வளைந்த தண்டைச் சீராக்க ஒரு நாளைச் செலவிட நேரும். தேர்ந்த தொழிலாளி சுத்தியலை எடுக்குமுன் அளவியை எடுக்கிறார்.