ஊசிமுனை – 9: செவிலியரின் சிறுநீர்

முன்கதை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்: போர்க்களத்துக் கடுகு வாயு, புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மருந்தாகி வார்டுக்குள் வந்துவிட்டது. இந்த வாரம் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தால் நேர்ந்த விபத்துகள் என்று சொல்லியிருந்தேன். குறிப்புகளும் தயார். அதற்குள் 1979-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரை கையில் அகப்பட்டு, மற்றதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது. ஆசிரியர் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஃபின்லாந்தில் கை ஃபால்க் என்பவரும் சகாக்களும் எழுதியது அது. புற்றுநோய் மருந்துகளைக் கையாளும் செவிலியரின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளியின் சிறுநீரில் மரபணுவைச் சிதைக்கும் சரக்கு இருப்பதில் வியப்பில்லை, கொடுத்த மருந்தே அப்படிப்பட்டதுதானே. ஆனால் ஒரு சொட்டு மருந்தும் ஏற்றிக்கொள்ளாத செவிலியரின் சிறுநீரிலும் அதன் தடயம் இருந்தது. நோயாளிகளைவிடக் குறைவு, இந்த வேலையில் இல்லாதவர்களைவிடக் கூடுதல்.

இதைக் காட்டிக்கொடுத்தவை பாக்டீரியாக்கள். அந்தச் சோதனைமுறையின் சூத்திரதாரி பெர்க்லியில் இருந்த புரூஸ் ஏம்ஸ். அவருடைய யோசனையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாத, ஊனப்பட்ட சால்மொனெல்லா ரகத்தை எடுத்துக்கொண்டார். ஹிஸ்டிடின் போதாத தட்டில் அது வளராது. சந்தேகத்துக்குரிய பொருளைத் தட்டில் சேர்க்க வேண்டும். அந்தப் பொருள் மரபணுவைத் தாறுமாறாக மாற்றும்போது, சில பாக்டீரியாக்களில் பழைய ஊனம் தற்செயலாகச் சரியாகிவிடும். பிழைத்தவை பெருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணினால் போதும். கெடுதலை அளக்க, கெடுதலால் பிழைத்தவற்றை எண்ணுகிறார்கள்!

இன்னொன்றும் உண்டு. கீமோவில் அதிகம் புழங்கும் சைக்ளோபாஸ்பமைடு, குப்பியில் இருக்கும்வரை சாது. கல்லீரல் அதை உடைத்த பிறகே வேலையைக் காட்டும். பாக்டீரியாவுக்குக் கல்லீரல் ஏது? ஏம்ஸ், எலியின் கல்லீரலை அரைத்துச் சாறெடுத்துத் தட்டில் கலந்தார். இதே முறையால் 1975-இல் தலைச்சாயங்களும், 1977-இல் குழந்தைகளின் இரவு உடையில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த டிரிஸ் என்ற ரசாயனமும் மாட்டிக்கொண்டன. சிகரெட் பிடிப்பவர்களின் சிறுநீரும் தப்பவில்லை. அதனால் செவிலியரைச் சோதிப்பவர்கள், யார் புகைப்பவர் என்பதையும் கேட்டுத் தனியே பிரித்தாக வேண்டும்.

1982-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், மருந்து கலக்கும் மருந்தாளுநர்களையும் இப்படிச் சோதித்தார்கள். அப்போது பல இடங்களில் மருந்து கலந்த மேடையில், வடிகட்டிய காற்று பின்சுவரிலிருந்து கலப்பவரின் முகத்தை நோக்கி வீசும். மருந்தில் கிருமி சேராது. மருந்துத் துளி மட்டும் நேராக மூக்குக்கு வரும். அங்கே வேலை செய்தவர்களின் சிறுநீரில் தடயம் வேலை நாட்களில் ஏறியது, விடுமுறையில் இறங்கியது. காற்று மேலிருந்து கீழிறங்கும் பெட்டிக்கு மாற்றியதும் அந்த ஏற்றம் காணவில்லை.

இதற்குப் பிறகுதான் கீமோ பயிற்சியின் முகமே மாறியது. சரியான நோயாளி, சரியான அளவு, சரியான ரத்தக்குழாய் என்பதோடு நர்ஸின் உடம்பும் பாடத்தில் சேர்ந்தது. பாடமோ விரல்நுனி சமாச்சாரம். குப்பிக்குள் காற்றை அழுத்தி ஏற்றினால், ஊசியை உருவும்போது கண்ணுக்குத் தெரியாத சாரல் தெறிக்கும். ஆகவே எடுக்கப்போகும் மருந்தின் அளவைவிடக் குறைவாகவே காற்றை விட வேண்டும். டிரிப் குழாயை மருந்தால் நிரப்பிக் காற்றை வெளியேற்றக் கூடாது. முதலில் வெறும் சலைனை ஓடவிட வேண்டும். கையுறை இரண்டு ஜோடி: உள்ளுறை அங்கியின் கைப்பட்டிக்கு அடியில், வெளியுறை அதற்கு மேல். கழற்றும்போது வெளியுறை முதலில், பிறகு அங்கி, உள்ளுறை கடைசியில்.

இதை வாயால் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். அதனால் சில பயிற்சிகளில் மருந்துக்குப் பதிலாக, புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் திரவத்தைக் கலக்கக் கொடுக்கிறார்கள். முடித்ததும் விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினால், சிந்தியதும் தொட்டதும் பச்சையாக மினுங்கும். மேடையில் இருந்தால் சரி. மணிக்கட்டிலும் பேனாவிலும் இருந்தால்? அனுபவசாலிகள்தான் முதலில் வாயடைத்துப் போவார்கள் என்பது என் ஊகம்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். வகுப்புக்கு அழைப்பு பெரும்பாலும் நர்ஸோடு நின்றுவிடுகிறது. மருந்து ஏற்றி 48 மணி நேரத்துக்காவது நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி எல்லாவற்றையும் மருந்தாகவே பாவிக்க வேண்டும் என்பது விதி. பெட்பேனைத் தூக்குகிற ஆயா, வீட்டில் போர்வை துவைக்கிற மனைவி, இவர்களுக்கு யார் சொல்வது? நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் கீமோ கழிவை மஞ்சள் பையில் போடச் சொல்கின்றன. அந்தப் பையைச் சுமக்கிறவருக்கும் ஒரு நாற்காலி போட்டால் என்ன?

வின்கிரிஸ்டினை மறக்கவில்லை. நம் தென் மாவட்டங்களில் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் மருந்து அது. ஏம்ஸின் பாக்டீரியாக்களிடம் அது சிக்குவதே இல்லை. அது மரபணுவைத் தொடாமல், செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளைக் குலைக்கிறது. பாக்டீரியாவிடம் அந்த இழைகளே கிடையாது. ரத்தக்குழாய் வழியே ஏற்றினால் உயிர்காக்கும். அதே சிரிஞ்சைத் தவறுதலாக முதுகுத்தண்டில் செலுத்தினால் அநேகமாகச் சாவுதான். 2001-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 18 வயது இளைஞர் ஒருவருக்கு அதுதான் நேர்ந்தது. அந்த அறையில் இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். அடுத்த வாரம் அங்கே போவோம், இந்த முறை நிச்சயமாக.

(தொடரும்)